மீன் சாகும்முன்னே அளந்து வையுங்கள்: மட்டக்களப்பு வாவியையும் அதில் விழும் ஆறுகளையும் கண்காணிக்கும் முறை

வாவியில் மீன் செத்து மிதக்கிறது என்று தகவல் வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கரைக்கு ஓடுவோம், போனில் படம் எடுப்போம், வயலுக்கு அடித்த மருந்து என்பார் ஒருவர், ஆலைக் கழிவு என்பார் இன்னொருவர், அதிகாரிகள் வந்து போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போவார்கள், இரண்டு கிழமை போனதும் பேச்சு அடங்கிவிடும். காரணம் பெரும்பாலும் பிடிபடாது. யாரோ மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் இல்லை. ஒட்சிசன் குறைந்து செத்த மீன் விடியப்புறம் செத்திருக்கும், தண்ணீர் அள்ளுவதோ பகல் பதினொரு மணிக்கு, அதற்குள் வெயில் ஏறிப் பாசி ஒட்சிசனை மறுபடி நிரப்பியிருக்கும். மருந்து என்றால் அது கலந்து வந்த தண்ணீர் அதற்குள் கடல் பக்கமாகக் கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருக்கும். அன்றைக்கு அளப்பதும் தேவைதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போன மாதத்துக் கணக்கு கையில் இல்லாவிட்டால் அந்த ஓர் அளவு எதையும் சொல்லாது.

ஆகவே ஒன்றும் நடக்காத நாட்களில் அளக்க வேண்டும். ஆய்வுகூடம் இல்லாதவர்கள் அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். மீனவர் சங்கம், பாடசாலையின் விஞ்ஞான மன்றம், வாவிக்கரையில் வீடுள்ள நாலைந்து பேர், யாரும் செய்யலாம். ஒரே ஆள் தனியாகத் தொடங்கினால் மழைக்காலத்தில் கைவிட்டுவிடுவார், அதனால் குறைந்தது மூன்று பேராவது சேருங்கள்.

ஒழுங்காக நடந்து பார்த்து எழுதி வைப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கோஹோ என்ற சால்மன் இனம் கடலிலிருந்து முட்டையிடச் சிற்றாறுகளுக்குத் திரும்பி வரும். நகரத்தை அண்டிய ஓடைகளில் அவை முட்டையிடாமலே செத்து ஒதுங்குவதை 1990களிலிருந்தே கவனித்தார்கள். ஓடை ஓடையாக நடந்து, செத்த மீனை எண்ணி, வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று பார்த்து, மழை பெய்த நாளையும் சேர்த்து எழுதி வந்தபோது மழைக்குப் பிறகுதான் சாகின்றன என்பது தெளிவானது. அதே ஓடையில் சம் என்ற இன்னொரு சால்மன் இனம் சாகவில்லை என்பதும் தெரிந்தது. இந்த இரண்டு துப்பையும் பிடித்துக்கொண்டு போன ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டார்கள்: வாகன டயர் தேயும்போது தூளோடு உதிரும் ஓர் இரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாக மாறி, மழைத் தண்ணீரோடு ரோட்டிலிருந்து ஓடைக்குள் இறங்கியிருக்கிறது. எந்த நாள், எந்த மழைக்குப் பிறகு, எந்த மீன் செத்தது, எது தப்பியது என்ற எளிய குறிப்பு இல்லாவிட்டால் அந்த இரசாயனத்தைத் தேடவே யாருக்கும் தோன்றியிருக்காது.

எங்களுக்குச் சால்மன் இல்லை, கொடுவா இருக்கிறது. சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும். கொடுவா முகத்துவாரத்தை அண்டிய உப்புத் தண்ணீரில் பிறந்து, குஞ்சாக வாவிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கீழே இறங்கும். முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. ஆகவே பெரிய கொடுவாக்கள் செத்து ஒதுங்கினால் போவது முட்டையிடும் தாய்மீன்கள்தான். இப்படி மேலும் கீழும் போய்வரும் மீனை வாவியின் ஓரிடத்தில் நின்று மட்டும் பார்த்தால் போதாது.

எங்கே அளப்பது

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு தொடுக்கிறது, அந்த வாய்கள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, கோடையில் மணல் மேடு அடைத்துவிடும். மேற்கே படுவான்கரை வயல்களின் வடிச்சல், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களுக்குக் கீழே வரும் தண்ணீர், மண்டூர்ப் பக்கத்து வடிச்சல் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. இவ்வளவையும் அளக்க முடியாது. 6 இடம் போதும், ஆனால் அந்த 6 இடமும் ஒரு தண்ணீர்ப் பாதையில் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு: குளத்துக்குக் கீழே ஆறு தொடங்கும் இடம், வயல் வட்டைகளைத் தாண்டிய பிறகு ஓரிடம், வடிச்சல் வாய்க்கால் வாவியில் விழும் வாய், வாவியின் நடுப்பகுதியில் வலையிறவு அல்லது மண்முனைப் பாலம், நகரத்துக்குப் பக்கத்தில் கல்லடி, கடைசியாக முகத்துவாரம். மேலே நல்ல தண்ணீர், வட்டைக்குக் கீழே கெட்ட தண்ணீர் என்றால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கெட்டிருந்தால் அது வெயில், காற்று, அடைபட்ட முகத்துவாரம் போன்ற பொதுவான காரணம். பாலங்களைத் தெரிவு செய்வதில் இன்னொரு வசதியும் உண்டு, இருட்டில் தண்ணீருக்குள் இறங்க வேண்டியதில்லை. வாவியில் முதலை இருக்கிறது, விடியப்புறம் கரையோரப் புல்லுக்குள் நின்று போத்தலை அமிழ்த்தும் வேலை வேண்டாம். பாலத்திலிருந்தோ தோணியிலிருந்தோ வாளியைக் கயிற்றில் இறக்குங்கள்.

அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்கள் இதையே பட்டிப்பளை ஆற்றுக்குச் செய்யலாம்: இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்துக்குக் கீழே தொடங்கி, வயல்களைத் தாண்டிக் கடற்கரை வரை.

எதனால் அளப்பது

விலை கூடிய கருவி இல்லாமலே தொடங்கலாம். வெப்பமானி ஒன்று. உப்பை அளக்க இறால் பண்ணைக்காரர் வைத்திருக்கும் கைக்கருவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது. அதை ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுப் பூச்சியத்துக்கு வருகிறதா என்று பாருங்கள், பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும், அமிலத்தை மாறி வாங்கிவிட வேண்டாம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சை அளக்கப் பேனை போன்ற மீற்றர் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் 7க்கும் 10க்கும் உரிய கரைசல்களில் வைத்துச் சரிபார்க்காத பிஎச் மீற்றர் சொல்வதை நம்பக்கூடாது. அமோனியாவுக்கும் ஒட்சிசனுக்கும் மீன் வளர்ப்பவர்கள் பாவிக்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டிகள் உண்டு.

கலங்கலைப் பார்க்க 20 சென்ரிமீற்றர் அகலத் தட்டு ஒன்றை நாலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்து, நடுவில் பாரம் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதுங்கள். நேற்று மறைந்த ஆழத்தில் பாதியிலேயே இன்று மறைந்தால் மேலேயிருந்து சேறு வந்திருக்கிறது அல்லது பாசி பெருகியிருக்கிறது. சேறென்றால் தண்ணீர் மண்நிறம், பாசியென்றால் பச்சை.

ஒட்சிசன்தான் இதில் கவனமாகச் செய்ய வேண்டிய அளவு. போத்தலை வாளிக்குள் முழுதாக அமிழ்த்தி, சரித்து, குமிழி வராமல் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். காற்றுக் குமிழி ஒன்று உள்ளே நின்றாலும் அளவு கூடக் காட்டும். சொட்டு மருந்து முறையில் முதல் இரண்டு மருந்தையும் கரையில் வைத்தே விட்டுவிட வேண்டும், அதோடு ஒட்சிசன் கட்டுப்பட்டு நிற்கும், மிச்ச வேலையை நிழலில் போய் ஆறுதலாகச் செய்யலாம். போத்தலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் மத்தியானம் அளந்தால் அது வாவியின் கணக்கு இல்லை, போத்தலின் கணக்கு.

அடித்தண்ணீரையும் எடுக்கப் பாருங்கள். வெள்ளம் வந்த பிறகு உப்பில்லாத நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் தனித்தனியாக நிற்கும், கீழே நிற்பதில் ஒட்சிசன் தீர்ந்துபோகும், மேலே அளந்தவருக்கு ஒன்றும் தெரியாது. போத்தலின் கழுத்தில் கல் கட்டிக் கயிற்றில் இறக்குங்கள், தக்கைக்குத் தனியாக ஒரு தங்கூசி (நைலோன் நூல்) கட்டுங்கள், அடிக்குப் போனதும் தங்கூசியைச் சுண்டினால் தக்கை கழன்று போத்தல் நிரம்பும். நிரம்பும்போது குமிழி விடுவதால் ஒட்சிசன் கொஞ்சம் கூடத்தான் காட்டும், உப்பும் வெப்பமும் சரியாக இருக்கும். அந்த முறையிலும் ஒட்சிசன் குறைவாகக் காட்டினால் உண்மையில் அதைவிடக் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அதையும் எழுதுங்கள், கச்சான் காற்றுப் பலமாக வீசிக் கலக்கினால் மேலே வரப்போவது அந்தத் தண்ணீர்தான்.

எப்போது அளப்பது

சூரியன் ஏறுமுன். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பகலில் பாசி ஒட்சிசன் விடும், இரவில் அதே பாசியும் சேர்ந்து ஒட்சிசனை எடுக்கும், ஆகவே விடியப்புறம்தான் ஆகக் குறைவு. மாதத்தில் ஒரு நாளாவது அதே இடத்தில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கும் அளந்து பாருங்கள். விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடைவெளி பெரிதாகப் பெரிதாக வாவியில் பாசி கூடிவிட்டது என்று பொருள், பசளையோ கழிவோ அதற்குச் சாப்பாடாகப் போகிறது. அப்படிப்பட்ட வாவியில் இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லாமல் மந்தாரம் போட்டுக் காற்றும் நின்றால் மீன் சாகும். வானத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லலாம்.

இரண்டு கிழமைக்கு ஒரு முறை சாதாரண நாளில் போதும். அதற்கு மேல், நாட்காட்டியை விட வயலைப் பார்த்துப் போக வேண்டும். பெரும்போக விதைப்பு முடிந்து களைநாசினி அடிக்கும் கிழமைகள், பசளை போட்டவுடன் பெருமழை பெய்த நாள், வேளாண்மை வெட்டுக்கு வயலை வடிய விடும் காலம், குளத்து வான்கதவு திறக்கும் நாள், முகத்துவாரம் வெட்டுவதற்கு முன்னும் பின்னும், கோடை முற்றிய ஆவணி, புரட்டாதி. எந்த வட்டையில் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்பதை வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானையிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் அங்கே தண்ணீர் திரும்பாது. குற்றம் பிடிக்க வந்தவர் போலக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வயல்காரரும் மீனவரும் இங்கே ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள், அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

அளவைப் படிப்பது

ஒட்சிசன் ஒரு லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கவலை இல்லை. 3க்குக் கிட்ட வந்தால் மீன் தீன் எடுக்காமல் சோர்ந்து நிற்கும், நோய் இலகுவாகத் தொற்றும். 2க்குக் கீழே போனால் அநேகமான மீன்கள் தாங்காது. தண்ணீர் சூடாகச் சூடாகவும் உப்பு ஏற ஏறவும் அது பிடித்து வைக்கக்கூடிய ஒட்சிசன் குறையும்: 30 பாகையில் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் வைத்திருக்கும், கடல் தண்ணீர் 6க்குச் சற்று மேல். ஆகவே கோடையில் எங்கள் மீன்களுக்கு இருக்கும் இடைவெளியே சிறியது.

அமோனியாவைத் தனியாகப் படிக்க வேண்டாம், பிஎச்சோடு சேர்த்துப் படியுங்கள். சொட்டு மருந்து காட்டுவது மொத்த அமோனியா, அதில் மீனைக் கொல்வது ஒரு பங்குதான். 30 பாகையில் பிஎச் 8 என்றால் நல்ல தண்ணீரில் அந்தப் பங்கு நூற்றுக்கு 7, 8 அளவு. பிஎச் 9 ஆனால் 40ஐத் தாண்டிவிடும். காலையில் தீங்கில்லாமல் நின்ற அதே அமோனியா பிற்பகலில் பாசி பிஎச்சை ஏற்றியதும் நஞ்சாகிவிடுவது இப்படித்தான்.

உப்பைப் பொறுத்தவரை கூடுதல் குறைவை விட மாற்றத்தின் வேகம்தான் முக்கியம். கொடுவாவும் மணலையும் உப்பிலும் நல்ல தண்ணீரிலும் வாழக்கூடியவை, ஆனால் ஓரிரு நாளில் தலைகீழாக மாறினால் உடம்பு நோகும்.

மீனைப் பார்ப்பது

இதற்கு மீனவரை விட நல்ல ஆள் இல்லை. தோணி கரைக்கு வரும் நேரம் போய் நில்லுங்கள், விற்பனைக்கு முன் பத்து இருபது மீனைப் பார்க்க விடச் சொல்லுங்கள். ஒரே இனத்தைத் தொடர்ந்து பாருங்கள், மணலை நல்ல தெரிவு, எப்போதும் கிடைக்கும்.

மீனை ஈரக் கையால் பிடித்து, பெருவிரலால் பூமூடியை, அதாவது செவுள் மூடியை, தூக்குங்கள். நலமான பூ செக்கச்செவேல் என்று, இதழ் இதழாகப் பிரிந்து, மெல்லிய வழுவழுப்போடு இருக்கும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. கோப்பி நிறமாக இருந்தால் தண்ணீரில் நைத்திரைற்று கூடியிருக்கலாம். இதழ்கள் ஒட்டித் தடித்து, சளி மூடியிருந்தால் நெடுநாளாகக் கலங்கலிலோ அமோனியாவிலோ கிடந்த மீன். செத்துச் சில மணி நேரமானால் பூ தானாகவே வெளிறிவிடும், ஆகவே உயிரோடு வந்த மீனில் மட்டும் இதைப் பாருங்கள். பிறகு தோல், செட்டை, கண், பேன் ஒட்டியிருக்கிறதா என்பது.

சிவந்த புண், உள்ளே சதை வரை தின்ற புண் கண்டால் தனியாகப் படம் எடுங்கள். 1980களின் கடைசியில் இலங்கைக்குள் வந்த புண் நோய் ஒன்று உண்டு, பூஞ்சணம் போன்ற ஓர் உயிரியால் வருவது, மழைக்குப் பிறகு தண்ணீர் குளிர்ந்து உப்பு இறங்கும்போது கிளம்பும். விராலையும் மணலையையும் பிடிக்கும், திலாப்பியாவும் பால்மீனும் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால் எந்த இனத்தில் புண் இருக்கிறது என்பதோடு எந்த இனத்தில் இல்லை என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

மெலிவைக் கண்ணால் மதிக்க வேண்டாம், கணக்குப் பாருங்கள். கிராமில் நிறையை 100 ஆல் பெருக்கி, சென்ரிமீற்றர் நீளத்தின் மும்மடியால் பிரியுங்கள். 25 சென்ரிமீற்றர் மணலை 170 கிராம் நின்றால் 1.09 வரும், 140 கிராம் என்றால் 0.90. தனி எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை, அதே இனம், அதே பருவம், போன வருடத்தை விட இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. முட்டை நிரம்பிய மீன் கணக்கைக் குழப்பும், அதைத் தனியாகக் குறியுங்கள். எத்தனை வலை, எத்தனை மணி நேரம் போட்டு இவ்வளவு பிடிபட்டது என்பதும் தேவை, பிடி குறைந்ததா அல்லது ஆட்கள் வலை குறைத்துப் போட்டார்களா என்று வேறு எப்படித் தெரியும்?

மீன் செத்து மிதக்கும் நாளில்

முதலில் நேரம். யார் முதலில் கண்டார், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம். பிறகு செத்தவற்றைப் பாருங்கள். பெரிய மீன்கள் செத்துச் சிறியவை தப்பியிருந்தால், விடியப்புறம் மேலே வந்து வாய் பிளந்து தவித்திருந்தால், நண்டு கரையேறியிருந்தால், அது ஒட்சிசன் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியது சிறியது எல்லாம் சேர்ந்து செத்து, இறாலும் நீர்ப்பூச்சியும் மீனுக்கு முன்னே செத்து, உயிரோடிருப்பவை சுழன்று சுழன்று நீந்தினால் பூச்சிநாசினியைச் சந்தேகியுங்கள். ஓரினம் மட்டும் பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தால் நோய். வாவியில் நஞ்சு போட்டோ வெடி போட்டோ மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம், அந்தச் சாத்தியத்தையும் மறக்க வேண்டாம்.

மாதிரி எடுப்பதில் அவசரம் தேவை. பூச்சிநாசினிக்குத் தண்ணீர் எடுப்பது கண்ணாடிப் போத்தலில், பிளாஸ்ரிக் வேண்டாம், வாய்வரை நிரப்பி, வெளிச்சம் படாமல், ஐஸில். செத்து நாறிய மீன் ஆய்வுக்கு உதவாது, சாகும் தறுவாயில் உள்ளதைப் பிடியுங்கள். நோய் பார்ப்பதற்கு ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும், உறைய விடக்கூடாது. நஞ்சு பார்ப்பதற்கென்றால் அலுமினியத் தாளில் சுற்றி உறைய வைக்கலாம். கையுறை போடுங்கள், செத்து ஒதுங்கிய மீனை யாரும் சமைக்கவோ கோழிக்குப் போடவோ விடாதீர்கள். கடற்றொழில் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நாரா என்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் என்று கொடுக்கக்கூடிய இடங்கள் உள்ளன. யாரிடம், எந்த நேரம் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள்.

கொப்பி

கணக்கை வட்ஸ்அப் குழுவில் மட்டும் விடாதீர்கள், ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும். தடித்த மட்டைக் கொப்பியும் பென்சிலும், பேனை மை மழையில் கரையும். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: இடம், திகதி, நேரம், வானம், காற்று, கடைசியாக மழை பெய்த நாள், வெப்பம், உப்பு மேலும் கீழும், ஒட்சிசன் மேலும் கீழும், பிஎச், அமோனியா, தட்டு மறைந்த ஆழம், தண்ணீரின் நிறமும் மணமும், மிதக்கும் ஆற்றுவாழைச் செடி எவ்வளவு மூடியிருக்கிறது, வான்கதவும் முகத்துவாரமும் திறப்பா பூட்டா, அளந்தவர் பெயர். அளக்காததை வெறுமையாக விடுங்கள், மதிப்புப் போட்டு நிரப்ப வேண்டாம். மாதம் ஒருமுறை பக்கங்களைப் போனில் படம் பிடித்து, எக்செலில் ஏற்றி, சங்கத்திலும் பாடசாலையிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.

தொடங்குவதென்றால் ஐப்பசி பிறக்குமுன் தொடங்குங்கள். கோடைத் தண்ணீரின் கணக்கு இரண்டு மூன்று முறையாவது கொப்பியில் ஏறியிருந்தால்தான் மாரியின் முதல் மழை வயலிலிருந்தும் ரோட்டிலிருந்தும் எதை வாரிக்கொண்டு வாவிக்குள் வந்தது என்பதை அடுத்த பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.